மனைவி பார்க்கக் கூடாத இறால்

கம்ப்யூட்டரின் அடித்தள மென்பொருளான கெர்னல் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மேடம், நினைவகத்துல இடம் வாங்கினதும் அதை எதுக்கு ஒருதரம் துடைக்கணும்? அடுத்த வரியிலேயே நாமதானே நிரப்பப் போறோம்?"

நியாயமான கேள்விதான். பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. சரியான பதில். ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகும். என் பதிலில் ஷார்ஜாவின் ஒரு மீன் கவுண்டர், வேலை போகவிருந்த ஒரு மனிதர், ஒரு கணவன், ஒரு மனைவி எல்லாரும் வருகிறார்கள். இதை நீங்கள் மறக்க மாட்டீர்கள். மறந்தால் ஆய்ஷா அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். துபாயில், தேரா பகுதி மசாலாக் கடைகளுக்கு மேலே, மாடியில் எங்கள் அலுவலகம். ஏலக்காய் வாசனையில் கெர்னல் கோட் எழுதியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெரிய கடைகளில் மீன், காய், இறைச்சி நிறுத்து, பெயரும் எடையும் விலையும் அச்சடித்த லேபிளைத் துப்பும் தராசு இருக்குமே, அதற்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் எங்கள் பொறுப்பு. அந்தத் தராசின் டிரைவரை, அதாவது தராசை இயக்கும் நிரலை, எழுதியவர் கனடா போய்விட்டார். எங்கள் நிறுவனத்தில் எந்தப் பிழையைத் தோண்டினாலும் அதை எழுதியவர் கனடாவில்தான் இருப்பார். எங்களிடம் மிச்சமிருந்தவர்கள் எல்லாம் பிழையே செய்யாதவர்கள், அல்லது விசா கிடைக்காதவர்கள்.

அந்த வாரம்தான் தராசில் ஒரு புது வசதியைத் திறந்து கொடுத்திருந்தோம். மேனேஜர் தன் அறையிலிருந்த கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினால், எந்தக் கவுண்டருக்கு வேண்டுமோ அந்தத் தராசின் சின்னத் திரையில் அது தெரியும். 'சாப்பாட்டு நேரம் முடிந்தது', 'தரையைத் துடை' என்பது போன்ற செய்திகளுக்காக.

வியாழக்கிழமை காலை, எங்கள் சர்வீஸ் ஆள் நிஜாம் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். காயல்பட்டினத்துக்காரன். சாதாரணமாக எதற்கும் அசராதவன்.

"அக்கா, ஷார்ஜா கடையில நம்ம தராசு ஒரு மீனைத் திட்டிருச்சாம்."

"என்னது?"

"ஹமூர் வாங்கினவருக்கு, ஹமூர் பெட்டி அழுகிடுச்சு, தூக்கிப் போடுன்னு லேபிள் வந்திருக்கு. அவர் மீனைத் திருப்பிக் கொண்டாந்து காதர் பாய் மேசையில வச்சிட்டாராம்."

ஹமூர் என்பது நம் ஊர்க் களவா. அங்கே அதற்கு இருக்கும் மரியாதை நம் ஊரில் எந்த மீனுக்கும் கிடையாது. அதை அழுகல் என்று சொல்வது சாதாரண விஷயமில்லை.

முதலாளி அறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார். "சுமதி, நீயும் போ. மத்த கிளைகளுக்கும் நம்ம தராசையே வைக்கலாமான்னு அவங்க யோசிச்சிட்டிருக்காங்க. அங்க போய் தராசு மேல தப்புன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. யாரோ தப்பா அடிச்சிட்டாங்கன்னு முடிச்சிட்டு வா."

கடை வாசலிலேயே காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். கீழக்கரைக்காரர், மேனேஜர். நடக்கும்போதே கோணலாகத் தொங்கும் விலை அட்டைகளை நேராக்கிக்கொண்டு நடப்பவர். அன்று ஒரு அட்டையையும் அவர் தொடவில்லை. அதிலிருந்தே நிலைமை புரிந்தது.

"வாங்கம்மா. இன்னொண்ணும் வந்திருக்கு, பாருங்க." ஒரு லேபிளை நீட்டினார். லேபிள் ஆங்கிலத்தில்தான் வரும். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்: 'நண்டு சுத்தமான சாக்ஸ் போட்டு வரவும்.'

நிஜாம் சிரிப்பை அடக்க ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சிரிக்காதே. வாங்கினவர் ஒரு எகிப்து வாத்தியார். நண்டுக்கு ஏது சாக்ஸு, தன்னைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சுட்டார். மீன் கவுண்டர் முன்னாடியே ஷூவைக் கழட்டிக் காட்டிட்டார், சுத்தமாத்தான் இருக்குன்னு."

"யார் அடிச்சதுன்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

"நெனக்கிறதென்ன? இவன்தான்."

வெள்ளை ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் முருகேசன். அறந்தாங்கிப் பக்கம். கண் சிவந்திருந்தது. புதுப் பொருளின் பெயரைச் சேர்ப்பதற்காகத் தராசின் எண் பொத்தான்களிலேயே எழுத்தும் அடிக்கலாம், அந்தக் காலத்துக் கைபேசி மாதிரி. அதுதான் அவருக்கு வினையாகிவிட்டது.

"இவங்க தங்குற கேம்ப்ல இவன்தாம்மா எஸ்.எம்.எஸ். ராஜா. பட்டனைப் பாக்காமலே அடிப்பான். ரூம்ல நாலு பேருக்கு மெசேஜ் அடிச்சே கல்யாணம் முடிச்சு வச்சிருக்கான்."

"அஞ்சு பேருக்கு பாய்," என்றார் முருகேசன், தன்னையறியாமல்.

"பாத்தீங்களா! லீவு கேட்டான். பெருநாள் கூட்டம் முடியட்டும்டான்னேன். அந்தக் கடுப்பைக் கஸ்டமர்ட்ட காட்டுறான். கலாஸ், முடிஞ்சுது. விசாவைக் கேன்சல் பண்ணப் போறேன். விசா வேலை பாக்குற பி.ஆர்.ஓ. இவன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டிருக்கார்."

"மேடம்," முருகேசன் என்னிடம் திரும்பினார். "ஊர்ல எனக்கு நிச்சயம் வச்சிருக்காங்க. மத்தவங்களுக்கெல்லாம் மெசேஜ்லயே முடிஞ்சிருச்சு, என்னை மட்டும் நேர்ல வரச் சொல்றாங்க. அதுக்குத்தான் லீவு கேட்டேன். ஒரேயடியா அனுப்பிவைங்கன்னா கேட்டேன்? வேலையில்லாத மாப்பிள்ளையா போயி எந்த மூஞ்சியோட மேடம் உக்காருவேன்?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு இடத்தில் தவறு நடந்தால் எல்லாரும் முதலில் 'யார்' என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் மிகச் சுலபமாகக் கிடைத்துவிடும். பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு ஒருவர் நின்றால் போதும். நம் வேலை 'என்ன' என்று கேட்பது. பி.ஆர்.ஓ. வருவதற்குள் கேட்க வேண்டும்.

அன்று காலை எல்லாக் கவுண்டர்களிலும் லேபிள் அடித்த பொட்டலங்களை எடுத்து வைக்கச் சொன்னேன். 'எலும்பில்லாத கோழி நெஞ்சு, குடும்பப் பொதி' என்று நீளப் பெயர் கொண்ட பொட்டலங்கள் எல்லாம் சுத்தம். மத்தி, நண்டு, இறால், வெண்டை என்று குட்டிப் பெயருள்ளவற்றில்தான் பெயருக்குப் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் அரையும் குறையுமான எழுத்துகள். அச்சுக் கோளாறு என்று யாரும் கவனித்திருக்கவில்லை. கோபக்காரர் ஒருவர் வேண்டுமென்றே அடித்தால் இப்படியா அடிப்பார்? நீளப் பெயர் மேல் அவருக்கு என்ன பரிவு?

"பாய், காலையில ஏதாவது பெட்டி அழுகிடுச்சுன்னு யாருக்காவது மெசேஜ் அனுப்பினீங்களா?"

"ஆமா, காய்கறிக் கவுண்டருக்கு. தக்காளிப் பெட்டி அழுகிடுச்சு, தூக்கிப் போடுன்னு." அவர் முகம் மாறியது. "அதைப் பாத்துட்டுத்தான் இவன் அப்படியே அடிச்சிருக்கான்!"

"சாக்ஸ்?"

"பேக்கரி ராஜுவுக்கு அனுப்பினது."

ஆங்கிலத்தில் தக்காளிக்கு ஆறு எழுத்து. ஹமூருக்கும் ஆறு. ராஜுவுக்கு நாலு, நண்டுக்கும் நாலு. எனக்கு உள்ளங்கை குளிர்ந்தது. மீன் கவுண்டர் ஐஸுக்குப் பக்கத்தில் நின்றதாலும் இருக்கலாம்.

நடந்தது இதுதான். மேனேஜர் அனுப்பும் செய்தி உண்மையில் எல்லாத் தராசுகளுக்கும் போகும். தனக்கானது என்றால் மட்டும் தராசு அதைத் திரையில் காட்டும். இல்லாவிட்டால் அந்த நினைவக இடத்தைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிடும். கொடுக்கும்போது துடைத்துவிட்டுக் கொடுப்பதில்லை. அடுத்து முருகேசன் ஹமூரை நிறுத்தால், பெயர், எடை, விலையை வைக்கும் லேபிள் ஸ்ட்ரக்சருக்குக் கெர்னல் அதே இடத்தைத் தூக்கிக் கொடுக்கும். கனடாக்காரர் அதில் பெயரை மட்டும் எழுதினார். மீதி இடத்தில் பழைய செய்தியின் வால் அப்படியே கிடந்தது. பிரிண்டரோ மொத்த நீளத்தையும் அச்சடிக்கும். நீளம் பொருந்தாதபோது குப்பை, பொருந்தியபோது வாக்கியம்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் அழைப்பு வந்தது.

"முடிச்சிட்டியா?"

"சார், தராசு மேலதான் தப்பு."

எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அதை எனக்குச் சொல்லிட்டே. போதும். அவங்களுக்குச் சொல்லாதே. அமைதியா வந்து சரிபண்ணிக்கலாம்," என்றார்.

"இங்க ஒருத்தருக்கு விசா கேன்சல் ஆகப் போகுது சார்."

"அது அவங்க கடை விஷயம்."

கைபேசியைப் பையில் போட்டேன். தைரியசாலி என்று என்னை நினைத்துக்கொள்ளாதீர்கள். என் விசாவும் இந்த முதலாளியிடம்தான் இருந்தது. என்ன சொல்வது, யாரிடம் தொடங்குவது என்று நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மாள் பொட்டலத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமை சமையலுக்காக, சற்று முன்புதான் வாங்கிப் போயிருக்கிறார்.

"இந்தாங்க," என்றார் காதர் பாயிடம். "இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அவர்தான் பாயின் மனைவி, ஆய்ஷா அக்கா. லேபிளை நானும் எட்டிப் பார்த்தேன். 'இறால் உள்ளே எடுத்து வை, மனைவி பார்க்கக் கூடாது.'

"எந்தப் பொண்டாட்டி பாக்கக் கூடாதாம்? எதுக்கு எறாலை ஒளிக்கணும்?" என்றார் ஆய்ஷா அக்கா.

காதர் பாயின் முகம் வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். தக்காளிச் செய்தியை யாராவது எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் இந்தச் செய்தி யாருடையது, யாருக்குப் போனது என்று அந்த மனிதருக்கு மட்டும் தெரிந்திருந்தது. முருகேசனுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்பதும் தெரிந்திருந்தது. அதை ஒப்புக்கொண்டால் முருகேசன் பிழைப்பார். பாய் பிழைக்க மாட்டார்.

அவர் உரத்த குரலெடுத்தார். "பாத்தியா ஆய்ஷா! இந்த முருகேசன் பண்ற அநியாயத்தை! பொம்பளைங்களைக் கூட விடல!"

முருகேசன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பாய், தராசு மேலதான் தப்பு," என்றேன். "எங்க டிரைவர்ல கோளாறு."

"டிரைவரா? நிஜாம்தானே வண்டி ஓட்டிட்டு வந்தான்? அவனுக்கும் எறாலுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்த டிரைவர் இல்ல பாய்," என்று நிஜாம் முன்னால் வந்தான். "வாடகைக்கு விடுற பெட் ஸ்பேஸ் மாதிரி வச்சுக்குங்களேன். ஒருத்தன் காலி பண்ணிட்டுப் போறான். மெத்தையைத் தட்டாம அடுத்தவனைப் படுக்க வைக்கிறாங்க. பாதி மெத்தையில இவன், மீதிப் பாதியில போனவனோட சீப்பு, பல்பொடி, காதல் கடிதம். அதைத்தான் தராசு அச்சடிக்குது."

"நம்ப மாட்டேன்," என்றார் பாய். அவர் நம்பிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. நம்பினால்தான் ஆபத்து.

"அப்ப சோதிச்சுப் பாத்துடலாம். முருகேசன் அந்தக் கடைசியில கையைத் தூக்கிட்டு நிக்கட்டும். நீங்க மேல போயி, யாருக்கும் தெரியாத ஏதாவது ஒரு வரி எழுதி பேக்கரிக்கு அனுப்புங்க. நிஜாம் இங்க எறால் நிறுப்பான்."

மறுக்க அவருக்கு வழி இல்லை. மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். எகிப்து வாத்தியாரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்தார். முருகேசன் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய், கைது செய்யப்பட்டவர் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பாய் படியேறினார். மேலே கண்ணாடி வழியாகத் தெரிந்தது, விசைப்பலகை முன் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர் என்ன எழுதுவார்? பாதுகாப்பான ஒன்றைத்தான் எழுதுவார். தட்டிவிட்டுக் கையசைத்தார்.

நிஜாம் ஒரு கைப்பிடி இறாலை வைத்துப் பொத்தானை அமுக்கினான். லேபிள் வந்தது. ஆய்ஷா அக்காதான் அதைக் கிழித்து வாசித்தார்.

'இறால் மிகவும் நல்ல பெண்மணி.'

கூட்டம் லேபிளை எட்டிப் பார்த்தது. பிறகு முருகேசன், கையை இறக்காமலே, "நான் அடிக்கலீங்க!" என்று கத்தினார்.

பாய் மூச்சு வாங்கக் கீழே ஓடி வந்தார். "ஆய்ஷா மிகவும் நல்ல பெண்மணின்னு அனுப்பினேன், வல்லாஹி, சத்தியமா!"

"ஓ," என்றார் ஆய்ஷா அக்கா. முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. கையில் இருந்த இரண்டு லேபிள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"அப்ப என் பேரு இருந்த எடத்துலதான் எறால் வந்து உக்காந்திருக்கு."

"ஆமாக்கா," என்றான் நிஜாம், வெகுளியாக. "ஆங்கிலத்துல ரெண்டுக்கும் அஞ்சு எழுத்துதானே."

"அப்ப இந்த மொத லேபிள்ல, எறால் உக்காந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

அத்தனை வருட வேலையில் இத்தனை விரைவாக ஒரு கசிவைப் பின்னோக்கித் தொடர்ந்த ஆளை நான் பார்த்ததில்லை.

காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் ஐஸைப் பார்த்தேன்.

"தக்காளி," என்றார் பாய்.

"ஆறு எழுத்து."

"ரொட்டி."

"ரொட்டியை எதுக்கு நான் பாக்கக் கூடாது?"

பாயிடம் வேறு ஐந்தெழுத்து இல்லை. ஆய்ஷா அக்கா கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு நேராக நடந்து, அந்தக் கோடியிலிருந்த இனிப்புக் கவுண்டர் முன்னால் போய் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்றார். இனிப்புக் கவுண்டர்க்காரர் அவரைக் கண்டதும் மரியாதையாகக் குனிந்து, உள்ளேயிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். "மேனேஜர் சார் அல்வா பார்சலா அக்கா? இன்னிக்கு நீங்களே வந்துட்டீங்களா!"

ஆங்கிலத்தில் அல்வாவும் ஐந்தெழுத்துதான். "இன்னிக்கு" என்ற சொல் பாயைச் சாய்த்துவிட்டது. மருத்துவர் சர்க்கரையைக் கட்டோடு நிறுத்தச் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அப்போது பி.ஆர்.ஓ. உள்ளே நுழைந்து, "யாரைப்பா கேன்சல் பண்ணணும்?" என்று கேட்டார்.

"இவரை," என்றார் ஆய்ஷா அக்கா, கணவரைக் காட்டி.

பி.ஆர்.ஓ. பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவையும் பாயையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பினார். அதற்குள் பாயே சுதாரித்துக்கொண்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னாலும் அரிசி மூட்டைப் பக்கம் நடந்து போனார். முருகேசனின் தூக்கிய கைகளைத் தானே பிடித்து இறக்கிவிட்டார். "தப்பா நெனச்சுட்டேன்டா. அந்த மெசேஜைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிருச்சு, நீ இல்லன்னு. இருந்தும் கத்தினேன். மனசுல வச்சுக்காதே."

"லீவு பாய்?" என்றார் முருகேசன், சமயம் பார்த்து.

"போயிட்டு வா."

"டிக்கெட்டோட அனுப்புங்க," என்றார் ஆய்ஷா அக்கா. பாய் தலையாட்டினார். அன்று அவர் எதற்கும் தலையாட்டும் நிலையில்தான் இருந்தார்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் இன்னும் புதியவர்கள்தான். கண்ணுக்குத் தெரிந்த கசிவை அடைப்பது சுலபம். தெரியாததைத் தேடச் சொன்னால்தான் சண்டை வரும். எனக்கும் வந்தது.

"எவ்வளவோ சொன்னேன், கேக்கல," என்று முதலாளி குதித்தார். "சரி, பிரிண்டரைப் பெயரோட நிறுத்தச் சொல்லு. ஒரு வரி. மதியத்துக்குள்ள முடிச்சிடு."

"அது போதாது சார். லேபிள் ஸ்ட்ரக்சர் முழுசா அந்தக் கடைக்காரங்க தலைமை அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் போகுது. பெயருக்கும் எடைக்கும் நடுவுல இடைவெளி இருக்கு."

அந்த இடைவெளியை நாம் எழுதுவதில்லை. எடை என்ற எண்ணைச் சரியான முகவரியில் வைப்பதற்காகக் நம் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தானாக விடுவது. பெயர், எடை, விலை என்று எல்லாப் புலங்களையும் நீங்கள் ஒழுங்காக நிரப்பினாலும் அந்தச் சந்துகளில் பழைய எழுத்துகள் பதுங்கியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், புலம் புலமாகத் துடைக்காதீர்கள். இடத்தை வாங்கிய கையோடு மொத்தத்தையும் பூஜ்யமாக்குங்கள். பிறகு உங்களுடையதை எழுதுங்கள்.

இதையெல்லாம் நான் முதலாளிக்கு விளக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்துல ரெண்டு மூணு எழுத்துதானே போகும்? யாரு அதைப் பாக்கப் போறா?"

"ஒரு லேபிளுக்கு ரெண்டு மூணு. ஆயிரக்கணக்குல லேபிள் போகுதே சார், பொறுமையா சேத்து வச்சா வரி வரியா வந்துடும். நம்ம ஆபீஸ்ல சோதனைக்கு ஒரு தராசு வச்சிருக்கோமே, அதுவும் அதே கம்ப்யூட்டருக்குத்தான் அனுப்புது. அந்தத் தராசுக்கு யார் யார் என்ன மெசேஜ் அனுப்பிப் பாத்தாங்களோ..."

முதலாளி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். காதோரம் சிவந்தது.

"மொத்தத்தையும் துடைச்சிடு," என்றார். "எவ்வளவு நாளானாலும் பரவாயில்ல. இப்பவே ஆரம்பி."

அவர் என்ன அனுப்பியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. நிஜாம் கேட்கத் துடித்தான். அவன் காலை மிதித்து நிறுத்தினேன்.

புது மென்பொருளோடு ஷார்ஜா கடைக்குப் போனபோது முருகேசன் ஊருக்குப் போயிருந்தார். மீன் கவுண்டரில் வேறொருவர். காதர் பாய் இரண்டு சுற்று இளைத்திருந்தார். ஒவ்வொரு தராசிலும் அதை ஏற்றி முடித்து, ஆய்ஷா அக்காவையே கூப்பிட்டு இறால் நிறுக்கச் சொன்னேன். அவரும் ஆவலாக வந்து, லேபிளைக் கிழித்து, கண்ணருகே கொண்டுபோனார்.

'இறால்.' பிறகு எடை, விலை. நடுவில் வெள்ளைத் தாள்.

திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் என்னிடம். "வாசிக்க ஒண்ணுமே இல்லையே."